கேபின் வாசலில் ஒரு செருப்புப் பெட்டி

வைகாசி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து நாற்பது. எண்ணிக்கை ஏழு. என் இருபத்திரண்டு வருஷ வேலையில், மண் அள்ளும் மெஷின்களிலிருந்து விழுந்து நான் கண்ணால் பார்த்த ஆபரேட்டர்கள் ஏழு பேர். அதில் ஒருவர்கூட மண் அள்ளும்போது விழவில்லை. ஐந்து பேர் இறங்கும்போது விழுந்தார்கள், ஒருவர் ஏறும்போது, ஒருவர் மேலே நின்று கண்ணாடி துடைக்கும்போது. ஏழு தடவையும் மெஷின் அசையாமல்தான் நின்றது. இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் செவ்வாய்க்கிழமை நீ ஒடிசாவுக்கு ரயிலேறுகிறாய். அங்கே சுரங்கத்தில் உனக்குத் தரப்போகிற மெஷினுக்கு ஏணி மட்டும் பதினோரு படி என்று நேற்று உன் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். சுரங்கத்தில் மண் சரியுமா என்று அவள் கேட்டாள். தப்பான கேள்வி. அந்த ஏணியில் எப்படி இறங்குவாய் என்று கேட்டிருக்க வேண்டும்.

ஆபரேட்டர்கள் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். "நீங்க படிச்சவங்க, பாதுகாப்பு பத்தி நாலு வார்த்தை எழுதித் தாங்க சார்" என்று செயலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். எனக்குக் கட்டுரை வராது. 'பாதுகாப்பே பிரதானம்' என்று ஆரம்பித்தால் யாரும் இரண்டாவது வரிக்குப் போகமாட்டார்கள், நானும் போகமாட்டேன். அதனால் உனக்கு எழுதுகிற இந்தக் கடிதத்தையே அவர்களுக்கும் கொடுக்கப்போகிறேன். எல்லாரும் படிக்கட்டும். நான் செய்த தப்பு எல்லாரும் பார்க்கும்படி நடந்தது. திருத்துவதும் அப்படித்தான் இருக்க வேண்டும். நான் நாற்பத்திரண்டு வயதில் புத்தி சொல்ல வந்திருக்கிறேன் என்று சிரிக்காதே. பாலிடெக்னிக் முடித்த மறுவருஷமே நீ பிறந்துவிட்டாய். நம் தெருவில் பாதிப்பேர் நம்மை அண்ணன் தம்பி என்கிறார்கள். பெரியவர் தோரணையில் பேச எனக்கு வயதும் இல்லை, பொறுமையும் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிறு மத்தியானத்தை நினைத்துப் பார். நீ ராதாபுரம் பக்கத்துக் கல்குவாரியிலிருந்து லீவுக்கு வந்திருந்தாய். சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தாய்.

"எப்பா, குவாரி எடைமேடையில சீட்டு போடுத அண்ணாச்சி ஒருத்தரு இருக்காரு. ஒரு காலச் சாய்ச்சுச் சாய்ச்சு நடப்பாரு. என் வண்டியில நான் மாட்டுன செருப்புப் பெட்டிய நேத்து ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னாரு. அப்புறம் 'நீ யாரு மவன்லே'ன்னு கேட்டாரு. சொன்னேன். ஒரு மாதிரியா சிரிச்சாரு. 'ஒங்கப்பா காயிதத்துல எழுதாம விட்டத நீ இரும்புல எழுதிட்டலே'ன்னாரு."

"அவரு பேரு என்ன?" என்று கேட்டேன்.

"பேரு தெரியலப்பா. அங்கன எல்லாரும் கவனக்குறைவு அண்ணாச்சின்னுதான் கூப்பிடுதாங்க. நீங்க என்னத்த எழுதாம விட்டீங்க?"

"சாம்பார ஊத்து" என்றேன்.

நீ ஊற்றினாய். உன் அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியாது. உன் கேள்விக்கு மூன்று வாரம் தாமதமாகப் பதில் எழுதுகிறேன். அவர் பேர் செல்லத்துரை. அந்த இன்னொரு பேரை அவருக்கு வைத்தது நான்.

பதினைந்து வருஷத்துக்கு முன்பு உனக்கு ஆறு வயது, எனக்கு இருபத்தேழு. ஒரு ஒப்பந்தக்காரரிடம் மெஷின்களுக்குப் பொறுப்பாளராக இருந்தேன். கல்லிடைக்குறிச்சியில் ஆற்றை ஒட்டி வாய்க்கால் தூர்வாரிக் கரைக்குச் சுவர் கட்டுகிற வேலை. செல்லத்துரை எங்கள் பொக்லைன் ஆபரேட்டர். அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தார். ராதாபுரத்துக்காரர், அவருடைய அப்பா பனையேறினவர். என்னை 'டிப்ளமோ சார்' என்பார். கிண்டலா மரியாதையா என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. இரண்டும் கலந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த ஆள் வேலை செய்து நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு படித்துறையை ஒட்டி வண்டல் ஆளுயரத்துக்கு அடைத்திருந்தது. பழைய கல் படிக்கட்டு. ஒரு கல் பெயர்ந்தாலும் ஊர் கூடிவிடும். மெஷின் வேண்டாம், ஆள் வைத்து மண்வெட்டியால் அள்ளலாம், நாலு நாள் ஆகும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். "ஒரு காலையில முடிச்சிருதேன் சார், நீங்க அங்கன போயி காப்பி குடிச்சிட்டு வாங்க" என்றார். நான் போகவில்லை, உடைத்தால் எழுதி வைக்கலாம் என்று பக்கத்திலேயே நின்றேன். குளிக்க வந்த ஒரு அம்மா, மெஷின் சத்தம் கேட்டு எழுந்து போன அவசரத்தில், மூன்றாம் படியில் சோப்பு டப்பாவை விட்டுப் போயிருந்தார். நான் எடுக்கப் போனேன். செல்லத்துரை கேபினிலிருந்தே கையை அசைத்து வேண்டாம் என்றார். டப்பாவுக்கு ஒரு சாண் தள்ளிப் பக்கெட்டின் பல் இறங்கியது, படியை ஒட்டியே வண்டலை வழித்துக்கொண்டு மேலே போனது. டப்பா அசையவில்லை. கரைக்கு மேலே தெருவில் அப்பளம் காயப்போட்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கத்தினார். "ஏ பொக்லைன்காரரே, அப்பளத்துல தூசி விழுந்துச்சு, அம்புட்டையும் நீருதான் திங்கணும்!" உள்ளேயிருந்து பதில் போனது. "பொரிச்சுத் தந்தா இப்பவே திங்குதேன் அக்கா!" அவர் ஈர மண்ணைப் பைய, பக்கெட்டைத் தரைக்கு அருகில் கொண்டுபோய்க் கவிழ்த்தார். தூசியே கிளம்பவில்லை. நான் ஹைட்ராலிக்ஸ் படித்தவன். லீவரில் விரல் எவ்வளவு அசைந்தால் பல் எவ்வளவு நகரும் என்று பலகையில் எழுதிக் காட்டுவேன். செய்து காட்டச் சொன்னால் படித்துறையை உடைத்திருப்பேன்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அவரிடம் மட்டும் இல்லை, நம் பக்கத்து ஆபரேட்டர்களில் பாதிப்பேரிடம் இருக்கிறது. மெஷினில் ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி, சக்கரத்துக்குப் பதிலாக வண்டியை நகர்த்துகிற இரும்புச் செயினுக்குப் பக்கத்தில் ஜோடியாக வைப்பார். முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். வெறுங்காலோடு ஏறுவார். கேபினுக்குள் ஒரு மண் துகள் இருக்காது. மண் இருந்தால் பெடல் வழுக்கும் என்பது தொழில் காரணம். சோறு போடுகிற இடத்தில் செருப்புக் காலோடு நிற்கக்கூடாது என்பது அவர் காரணம். இரண்டும் நல்ல காரணம்தான் என்று இப்போது சொல்லுகிறேன். அன்றைக்கு நான் அதை மூடத்தனம் என்றேன். அவர் முகத்துக்கு நேரேயே சொன்னேன். கம்பெனியில் எல்லா ஆபரேட்டர்களுக்கும் ஷூ வாங்கிக் கொடுத்தேன். அதையும் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏறினார்கள். கோபத்தில் 'கவனம் உயிர் காக்கும்' என்று சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு எழுதி மெஷின் நிறுத்துகிற இடத்தில் நட்டேன். மறுநாள் போய்ப் பார்க்கிறேன், போர்டுக்கு அடியில் நிழல் இருக்கிறதென்று ஷூவையும் செருப்பையும் கோயில் வாசல் மாதிரி வரிசையாக வைத்திருக்கிறார்கள். நான் கத்தினேன். அவர்கள் சிரித்தார்கள். அந்த வரிசையைப் பார்த்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு மனிதனின் செருப்பு தரையில் இருந்தால், இறங்கும்போது அவன் கண் எங்கே இருக்கும்?

ஐப்பசி மாதம், தூறல் நின்ற ஒரு காலை, பதினொரு மணி டீ நேரம். பொக்லைன் ஏறின இடத்திலேயே நிற்கிற வண்டி இல்லை என்பது உனக்கே தெரியும். கரையோரமாக ஐம்பது அறுபது அடி நகர்ந்திருந்தது. செருப்பு ஏறின இடத்திலேயே கிடந்தது. வழக்கம்போல யாரோ அதைத் தூக்கிக்கொண்டுவந்து வண்டிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஒன்று நேராகக் கிடந்தது, ஒன்று கவிழ்ந்து கிடந்தது. சுற்றிலும் உடைகல், சுவருக்கு வெட்டின கம்பித் துண்டுகள். வெறுங்காலைத் தரையில் வைக்க முடியாது. செல்லத்துரை பக்கெட்டைத் தரையில் ஊன்றி, எஞ்சினை அணைத்து, எல்லாவற்றையும் முறைப்படி செய்துவிட்டு வெளியே வந்தார். செருப்பைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தை வெளியே திருப்பித்தானே ஆகவேண்டும்? திருப்பினார். முதுகு மெஷின் பக்கம் போனது, கைக்குப் பிடி இல்லை. நேராகக் கிடந்த ஒற்றைச் செருப்பின் மேல் ஒரு காலால் இறங்கப் பார்த்தார். ஈரச் செயின் வழுக்கியது. மூன்றடி உயரம், உன் இடுப்பளவு. வலது குதிகால் போய்க் கல்லின் விளிம்பில் இடித்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது, அதை இங்கே எழுதப்போவதில்லை. நான் ஓடிப்போய்த் தூக்கியபோது அவர் சொன்னது இரண்டே வாக்கியம்.

"செருப்பப் பாத்தேன் சார். படியப் பாக்கல."

ஒரு விபத்துக்கு இதைவிடத் துல்லியமாக யாரும் காரணம் சொல்ல முடியாது. எலும்பு நொறுங்கின வலியில், தரையில் கிடந்தபடி அந்த மனிதர் எனக்கு முழு அறிக்கையையும் சொல்லிவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுச் சாயங்காலம் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். பேர், வயது, இடம், நேரம் எல்லாம் சரியாக எழுதினேன். 'காரணம்' என்று ஒரு கட்டம், ஒரு வரி எழுத இடம். 'செருப்பு' என்று எழுத ஒரு நிமிஷம் பேனாவை வைத்தேன். ஆபீஸில் படித்துச் சிரிப்பார்கள் என்று தோன்றியது. செருப்பு வைக்க மேலே ஏன் இடம் செய்யவில்லை, மெஷின்களுக்குப் பொறுப்பு யார் என்று திரும்பக் கேட்பார்கள் என்றும் தோன்றியது. 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்துகூட அழகாக இருந்தது.

எட்டு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். நடை சாய்ந்திருந்தது, கை பழைய கைதான். ஒப்பந்தக்காரர் என் அறிக்கையை எடுத்துப் பார்த்துவிட்டு, "கவனக்குறைவான ஆளு, வண்டியை எப்படி நம்பிக் கொடுக்கது?" என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். பொக்லைனுக்குக் கை போதும், குதிகாலுக்கு அங்கே பெரிய வேலை இல்லை என்று சொல்ல அந்த இடத்தில் படித்தவன் நான் ஒருவன்தான். சொல்லவில்லை. செல்லத்துரை என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு மெஷின் நின்ற இடத்துக்குப் போய், முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெளியே நடந்தார். ஒரு ஒப்பந்தக்காரர் சொன்னது அடுத்தவர் காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் அவர் உட்காரவில்லை. சோப்பு டப்பாவைத் தொடாமல் மண் அள்ளின கை பதினாலு வருஷமாக லாரிக்குச் சீட்டு கிழித்துக் கொடுக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தைத் தனியாக உன்னிடம் கொடுத்திருப்பேன். முடியவில்லை. அடுத்த வருஷம் அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்தில் நீயும் நானும் நின்றுகொண்டிருந்தோம். உன் கையில் முறுக்குப் பொட்டலம். திருநெல்வேலி பஸ் வந்தது. படியில் ஒருவர் கம்பியைப் பிடித்துச் சிரமப்பட்டு ஏறிக்கொண்டிருந்தார். சாலையில் போன லாரியிலிருந்து ஒரு டிரைவர் தலையை நீட்டி, "வே கவனக்குறைவு! படியப் பாத்து ஏறும் வே, இங்கன செருப்பெடுத்துப் போட ஆளு கெடையாது!" என்று கத்தினான். பஸ் நிலையமே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். நான் உன்னை இழுத்துக்கொண்டு பேப்பர் கடைக்குப் பின்னால் போய் நின்றேன். நீ கேட்டாய், "எப்பா, அவரு பேரா அது?" நான் "ஆமா" என்றேன். அந்தப் பஸ்ஸைப் போகவிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினோம். நீ மறந்திருப்பாய். மறந்ததால்தான் இத்தனை வருஷம் கழித்து அதே பேரைச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாய்.

அந்தச் சொல் எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது, மகனே. உன் மேலும் அதைத் தாராளமாகப் பயன்படுத்தினேன். உனக்கு ஒன்பது வயதில் பாலத்து இறக்கத்தில் சைக்கிளோடு விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்டு வந்தாய். ரத்தம் சொட்டச் சொட்ட நின்றவனை, "ரோட்டுல கவனம் இருந்தா ஏன்லே விழுத?" என்று கேட்டேன். உன் அம்மா உன் கையைக் கழுவிக் கட்டிவிட்டு, சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, பிரேக்கை அமுக்கிப் பார்த்தாள். அது தொளதொளவென்று வந்தது. "இத யாரு மாட்டுனது?" என்று கேட்டாள். முந்தின நாள் நான்தான் மாட்டியிருந்தேன், மெக்கானிக்கல் படித்த நான். "ஸ்பேனர் சரியில்ல" என்றேன். "ஓஹோ, ஸ்பேனருக்குக் கவனம் பத்தல போல" என்றாள். நீ அழுகையின் நடுவே சிரித்தாய். அன்றைக்காவது செல்லத்துரையின் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உன்னை இன்ஜினீயரிங் சேர்க்க இடம் பார்த்து வைத்திருந்தேன். நீ ஐடிஐ முடித்து பொக்லைன் ஓட்டப் போகிறேன் என்றாய். நான் ஆறு மாதம் உன்னோடு சரியாகப் பேசவில்லை. படித்துறையில் நின்று வாய்பிளந்து பார்த்த அதே வேலையை என் மகன் செய்யக்கூடாது என்று நினைத்தவன் நான். இதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நீ சண்டை போடவில்லை. பைய உன் துணியை மடித்து வைத்துக்கொண்டு ராதாபுரம் பஸ் ஏறினாய். குவாரியில் முதல் மாதமே ஒரு தடவை செயினில் வழுக்கியிருக்கிறாய். அம்மாவிடம் சொன்னாய், என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் 'கவனமில்லையா' என்று கத்துவேன் என்ற பயம். நியாயமான பயம்.

கத்த ஆளில்லாததால் நீ யோசித்திருக்கிறாய். ஏன் வழுக்கினேன் என்று உன்னையே கேட்டிருக்கிறாய். செருப்பைத் தேடினேன் என்று உனக்கே பதில் கிடைத்திருக்கிறது. கேபினைச் சுத்தமாக வைக்கிற பழக்கத்தை விடவும் உனக்கு மனசில்லை. முதலாளியிடம் கேட்டு, பழைய தகட்டை வெட்டி, தண்ணீர் வடிய அடியில் நாலு துளை போட்டு, கேபின் கதவுக்கு அருகிலேயே ஒரு பெட்டியைப் பற்றவைத்துவிட்டாய். ஷூவோடு ஏறு, வாசலில் கழற்று, பெட்டியில் வை. இறங்கும் முன் மேலேயே மாட்டிக்கொள். தரையில் தேட ஒன்றும் கிடையாது, அதனால் தரையைப் பார்க்க வேண்டாம், அதனால் முகத்தை மெஷின் பக்கம் வைத்தே இறங்கலாம். பதினைந்து வருஷமாக நான் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். நீ ஒரு துண்டுத் தகட்டில் முடித்துவிட்டாய்.

பத்து நாளைக்கு முன் உனக்குச் சொல்லாமல் குவாரிக்கு வந்தேன். பின்பக்கத்து வழியாக வந்து, ஓய்வெடுத்துக்கொண்டிருந்த லாரிகளுக்கு இடையில் நின்று பார்த்தேன். நீ எஞ்சினை அணைத்தாய். தூக்குவாளியைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினாய். போனைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாய். ஷூவை மாட்டி வாரை இழுத்தாய். பிறகு திரும்பி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, ஒரு காலை இறக்கிப் படியில் மண் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, அப்புறம்தான் எடையைப் போட்டாய். இரண்டு கை ஒரு கால், இரண்டு கால் ஒரு கை. எந்த நேரத்திலும் மூன்று இடம் மெஷினைத் தொட்டுக்கொண்டிருந்தன. தரை வரை உன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அழகாக இருந்தது லே. இந்த வார்த்தையை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. உன் வெல்டிங் மோசம், இடதுபக்கத் தையலில் இரண்டு இடத்தில் காற்றுத் துளை இருக்கிறது, கிளம்புவதற்குள் அரைத்துவிட்டுத் திரும்பப் பற்றவைத்துவிட்டுப் போ. ஆனால் இடம் சரி. ஒரு அங்குலம்கூடத் தள்ளி வைக்கக்கூடாத இடத்தில் வைத்திருக்கிறாய்.

அங்கிருந்து எடைமேடையின் ஜன்னல் தெரிந்தது. உள்ளே ஒரு நரைத்த தலை குனிந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தது. நான் வந்த வழியே திரும்பிவிட்டேன். பேப்பர் கடைக்குப் பின்னால் நின்ற ஆள் அப்படியே இருக்கிறான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து மீதி ஆட்களுக்குப் போன் போட்டேன். இறங்கும்போது விழுந்த ஐந்து பேரில் செல்லத்துரை போக நாலு பேர். அறிக்கை எழுதினபோது கேட்காத கேள்வியை இப்போது கேட்டேன். "விழும்போது எங்க பாத்துக்கிட்டு இருந்தீரு?" ஒருவர் போன் அடித்ததால் போனைப் பார்த்திருக்கிறார். ஒருவருக்கு நினைவில்லை. இரண்டு பேர் செருப்பு என்றார்கள். அதில் ஒருவர், "இத்தன வருசம் கழிச்சுக் கேக்கீங்களே சார், மறுநாளே கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் போதுமான தண்டனை இல்லை.

ஒடிசாவில் உன்னை எப்படியும் மேற்பார்வை வேலைக்கு உயர்த்திவிடுவார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் உன் கையிலும் அந்தப் படிவம் வரும். அதே கட்டம் இருக்கும், அதே ஒரு வரி இடம் இருக்கும். கவனக்குறைவு என்று எழுதக் கை போகும், ஏனென்றால் அது எல்லா விபத்துக்கும் பொருந்தும், எந்த விபத்தையும் தடுக்காது. அப்போது பேனாவை மூடி வைத்துவிட்டு, விழுந்தவனிடம் போய் அவன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று கேள். செல்லத்துரையின் கவனம் குறையவில்லை. அத்தனை கவனமும் கவிழ்ந்து கிடந்த ஒரு செருப்பின் மேல் இருந்தது. அதை அங்கே கிடக்கும்படி விட்டது யார் என்று எழுது. உன் பேரே வந்தாலும் எழுது. இடம் போதவில்லை என்றால் பின்பக்கத்தில் எழுது. ஏணி பதினோரு படி என்றால் பதினோரு படிக்கும் முகம் மெஷின் பக்கம். கடைசிப் படியில் நின்று குதிக்காதே, பார்க்கிறவன் சிரித்தாலும் குதிக்காதே. அவ்வளவுதான் என் உபதேசம்.

உன்னை இன்ஜினீயராக்க நினைத்தேன். நீ அதைவிட நல்ல ஒன்றைச் செய்திருக்கிறாய். ஒரு மனிதனின் பழக்கத்தைக் கேலி செய்யாமல் அவன் காலைக் காப்பாற்ற வழி கண்டுபிடித்திருக்கிறாய். அது எனக்கு வரவில்லை.

மணி ஏழே முக்கால். நீ இன்னும் எழுந்திருக்கவில்லை. நான் அடுத்துச் செய்யப்போவது:

1. இந்தக் கடிதத்தை உன் தலைமாட்டில் வைத்துவிட்டு எட்டரை மணி பஸ்ஸைப் பிடிப்பேன். குவாரிக்கு முன்வாசல் வழியாகப் போவேன்.

2. எடைமேடையில் லாரிக்காரர்கள் கூடியிருக்கிற நேரமாகப் பார்த்து, அவரைச் செல்லத்துரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். எல்லாரும் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில்.

3. அந்த அறிக்கை பொய், எழுதினது நான், செருப்பு வைக்க இடம் செய்யாததும் நான் என்று அவர்கள் முன்னால் சொல்வேன். மன்னிப்பாரா என்று கேட்கமாட்டேன். அது அவர் விஷயம்.

4. இதன் நகலைச் சங்க மலருக்குக் கொடுப்பேன். அவர் பேரையோ என் தப்பையோ வெட்டினார்கள் என்றால் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

5. அந்த ஒப்பந்தக்காரரை விட்டு வந்து நான் நடத்துகிற பட்டறையில் நிற்கிற என் பழைய பொக்லைனில் நாளைக்கு உன்னைப்போலவே ஒரு பெட்டி வைப்பேன். வெல்டிங் நான் செய்வேன், இடத்தை நீ சாக்பீஸால் குறித்துக் கொடு. பிறகு அந்த வண்டியை ஓட்ட வரச்சொல்லி அவரைக் கேட்பேன். வரமாட்டேன் என்றால் அடுத்த ஞாயிறும் போய்க் கேட்பேன்.

6. வந்தார் என்றால், முதல் நாள் அவர் வேலை முடித்து இறங்கும்போது கீழே நிற்பேன். தரையில் ஒன்றும் கிடக்காது. தரை வரைக்கும் அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டும்.